ரெட்டை வரப்பு போட்ட கால்

ஓய்வு பெற்ற டாக்டர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகளை நான் விரும்பிப் படிப்பேன். நன்றாகத் தூக்கம் வரும். எல்லாக் கட்டுரையிலும் நோயாளி கடைசி நேரத்தில்தான் வந்து சேர்வார். அதற்கு முன் பார்த்தவர்கள் எல்லாரும் கோட்டை விட்டிருப்பார்கள். எழுதுகிறவர் மட்டும் ஒரே பார்வையில் நோயைக் கண்டுபிடித்திருப்பார். இப்படிப்பட்ட மகான்கள் நிறைந்த துறையில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, ஒரு மாறுதலுக்காக, கோட்டை விட்டவர் பக்கம் நின்று ஒரு சம்பவம் சொல்கிறேன். அந்தப் பக்கம்தான் எனக்கு நல்ல பழக்கம்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஓர் அரசு மருத்துவமனை. பெயர் வேண்டாம், அந்தக் கட்டடம் என்ன பாவம் செய்தது. அங்கே எனக்குக் ‘கைராசி டாக்டர்’ என்று பட்டம். அது வந்த ரகசியத்தை இப்போது சொல்லிவிடலாம், பென்ஷனை நிறுத்த மாட்டார்கள். சாதாரணக் காய்ச்சல் மூன்று நாளில் தானாக இறங்கிவிடும். முதல் இரண்டு நாள் ஜனங்கள் பக்கத்து அறையில் இருந்த கெட்டிக்கார டாக்டரிடம் போவார்கள். மூன்றாம் நாள் அவர் அறையில் கூட்டம் தாங்காமல் என்னிடம் வருவார்கள். காய்ச்சல் இறங்கத் தயாராக நிற்கும் நேரத்தில் என் ஊசி போய்ச் சேரும். படித்து வாங்கிய பட்டத்தைவிட இந்தப் பட்டத்துக்குத்தான் ஊரில் மரியாதை அதிகம்.

கைராசிக்காரனுக்கு மூக்குக்கண்ணாடி அழகில்லை என்று வேறு ஒரு கொள்கை வைத்திருந்தேன். ஆகவே அது சட்டைப்பையிலேயே பத்திரமாக இருக்கும்.

அன்று திங்கட்கிழமை, மக்காச்சோள அறுவடை நேரம். புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை நின்றது. அரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து செல்வராசு என்பவர் மனைவி மலர்க்கொடியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்தார். ஐம்பது வயது இருக்கும். சோளக்கதிர் அடிக்கும் மெஷின் சொந்தமாக வைத்து ஓட்டுகிற ஆள். ஒரு கையால் மூட்டையைத் தூக்கி வண்டியில் எறியும் உடம்பு. வேட்டியைத் தூக்கிக் காட்டினார். இடது கால், கணுக்காலிலிருந்து முட்டிக்குக் கீழ் வரை, ஒரே செங்காவி.

வெளியூரில் படித்து வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. தோல் சிவந்து கொப்புளம் வந்தால் இந்தப் பக்கத்தில் அதை அக்கி என்பார்கள். பானை செய்யும் குடும்பத்துக்காரர் ஒருவர் காவிக்கல்லை உரசி, கோழி இறகால் தொட்டு, சிவந்த இடத்தின் மேல் எழுதுவார். மூன்று நாள் எழுதினால் அடங்கும் என்பது கணக்கு. சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே முதலில் வயல் வரப்பு மாதிரி ஒரு கோடு, உள்ளே பூச்சு, காவலுக்கு ஒரு சிங்கம். நான் சொல்லும் இந்தக் காலில் கோடு ஒன்றல்ல, இரண்டு இருந்தது. ஒன்றுக்கு வெளியே இன்னொன்று.

“என்னங்க ஆச்சு?”

“வெள்ளிக்கெழம சோளத்தட்டை குத்திடுச்சு சார். சின்னதாத்தான். மறுநாளே செவந்து போச்சு. தாங்க முடியல சார்.”

மலர்க்கொடி முன்னே வந்தார். “சார், அந்த அக்கி எழுதுறவருதான் நேத்து சாயங்காலம்…”

“அம்மா, அக்கியப் பத்தி மட்டும் எங்கிட்ட பேசாதீங்க.”

“இல்ல சார், அவரு என்ன சொன்னாருன்னா…”

“அவரு என்ன வேணா சொல்லுவாரு. நான் சொல்றத கேளுங்க.”

பிறகு நான் சொல்ல ஆரம்பித்தேன். அறிவியல், மூடநம்பிக்கை, செவ்வாய்க்கு ராக்கெட் போன விவரம் எல்லாம். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாலு பேர் கூடிவிட்டால் எனக்கு ஒரு வியாதி உண்டு.

“என்ன செல்வராசு, காலுக்கு ரெட்டைக் கரை வச்ச சேலையா கட்டி விட்டுருக்காரு? முந்தானி எங்க?”

வரிசை சிரித்தது.

“இது என்னது, சிங்கமா? ஒரு தம்ளர் பால் வச்சா குடிச்சிட்டு மடியில படுத்துக்கும் போலருக்கே!”

வரிசை இன்னும் சத்தமாகச் சிரித்தது. செல்வராசு சிரிக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்துக்கொண்டு, ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சம் கம்மி என்று முடிவு செய்தேன். அன்று காலை நான் சொன்ன முதல் தவறான டயக்னோசிஸ் அதுதான்.

“சிஸ்டர், இந்தச் சித்திரத்தை எல்லாம் ஸ்பிரிட் போட்டு அழிச்சு விடுங்க.”

சிஸ்டர் என்று நான் சொல்வது எங்கள் தலைமை நர்ஸ். பெயர் போட்டால் போன் செய்து திட்டுவார், ஆகவே சிஸ்டர்தான். எனக்குத் தெரிந்த வைத்தியத்தில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது. மீதிப் பாதியை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பஞ்சை வைத்ததும் செல்வராசு போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை பறந்தது.

“பஞ்சு பட்டதுக்கா இவ்வளவு சத்தம்? மூட்டை தூக்குற ஆளுங்க நீங்க!”

“சார், நான் இன்னும் அழுத்தவே இல்ல” என்றார் சிஸ்டர்.

எனக்குக் காது கேட்டது. கேட்டதோடு சரி. காவி போன பிறகு ஒரு நொடி பார்த்தேன். காயம் கடுகளவு. தோல் செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தது. சிவப்பு எது, போகாத காவி எது என்று கண்ணாடி இல்லாத கண்ணுக்குத் தெரியவில்லை. தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை. “காய்ச்சல் இல்லை” என்று சீட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டேன். மெடிக்கலில் வாங்கி வைத்திருந்த காய்ச்சல் மாத்திரை இரண்டை விடியற்காலையில் அவர் போட்டுக்கொண்டு வந்ததை நான் கேட்கவில்லை. கேட்காததை அவர் சொல்லவில்லை.

“சுகர் இருக்குன்னு சீட்டுல போட்டிருக்கே, மாத்திரை ஒழுங்கா சாப்புடுறீங்களா?”

“ஞாபகம் வர்றப்ப சார்.”

தோலில் சாதாரணத் தொற்று என்று எழுதினேன். ஒரு ஆன்டிபயாடிக் ஊசி, வலிக்கு ஒரு ஊசி, சுகருக்கு ரத்தம் எடுத்துவிட்டு வெளிப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நண்பகல் தாண்டி வெளியே வந்தபோது செல்வராசு பெஞ்சில் சாய்ந்திருந்தார். முகத்தில் வேதனை இல்லை.

“என்ன செல்வராசு, எப்படி இருக்கு?”

“வலி போயிடுச்சு சார். காயம் இருக்குற எடத்துல சுத்தமா இல்ல. மரக்கட்டை மாதிரி இருக்கு.”

முதல் வாக்கியம் முடிந்ததுமே என் காதில் கைதட்டல் ஆரம்பித்துவிட்டதால் மற்ற இரண்டும் உள்ளே போகவில்லை.

“பாத்தீங்களா சிஸ்டர், கைராசிய?”

“பாத்தேன் சார். நீங்கதான் காலப் பாக்கல.”

வேலை மிகுதியில் எரிச்சலாகப் பேசுகிறார் என்று மன்னித்துவிட்டேன். ஐந்து நாள் மாத்திரை, வெள்ளிக்கிழமை வரவும் என்று எழுதி மலர்க்கொடி கையில் கொடுத்தேன். “பன்னண்டே முக்காலுக்கு பஸ்ஸு. கெளம்புங்க.” அவர் சீட்டைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் ‘அக்கியா?’ என்பது போலப் புருவத்தைத் தூக்கினேன். மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் ஒரு பைக் வந்து நின்றது. கையில் டிபன் பாக்ஸோடு நாற்பது வயது ஆள் ஒருவர் இறங்கினார். பெயர் கோவிந்தன். செல் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார், காலையும் மாலையும் அக்கி எழுதுகிறார். டிபன் பாக்ஸில் இருந்தது சாப்பாடு அல்ல, காவி.

“என்னக்கா, இன்னும் இங்கயே ஒக்கார வச்சிருக்கீங்க? திருச்சிக்கு அனுப்பலயா?” என்று மலர்க்கொடியைக் கேட்டவர், காலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “யாரு இத அழிச்சது?”

“நான்தான் அழிக்கச் சொன்னேன்” என்றேன், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு. “ஏங்க, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? ஒரு மனுஷன ரெண்டு நாளு வூட்டுல வச்சு படம் வரைஞ்சு வெளையாடியிருக்கீங்க.”

“சார், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சதே நான்தான் சார்.”

இழுத்து விட்ட சட்டையிலிருந்து கையை எடுத்தேன்.

“சனிக்கெழம சாயங்காலம் செவப்போட ஓரத்துல வரப்பு போட்டேன் சார். அக்கின்னா வரப்புக்குள்ளயே கெடக்கும், மூணு நாள்ல காஞ்சிடும். நேத்து போய்ப் பாத்தா வரப்பத் தாண்டி ஒரு சாண் ஏறியிருக்கு. அக்கி இப்படி ஓடாது சார். வெளிய இன்னொரு வரப்பு போட்டு, இது நம்ம வேல இல்ல, விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்கன்னு சொல்லிட்டேன். டாக்டரு ரெண்டு வரப்பையும் பாத்தா புரிஞ்சுக்குவாருன்னு நெனச்சேன்.”

டாக்டர் பார்த்தார். ரெட்டைக் கரைச் சேலை என்று சிரித்தார்.

“அழிச்சுட்டீங்களே சார். சரி, இருங்க.” அவர் போனை எடுத்தார். எழுதிய ஒவ்வொரு காலையும் கையையும் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது அவர் வழக்கம், தொழிலுக்கு விளம்பரம். நேற்று மாலை எடுத்த படத்தில் வெளிக்கோடு பழைய தழும்பு ஒன்றின் மேல் போயிருந்தது. செல்வராசு சின்ன வயதில் சைக்கிளில் விழுந்து வாங்கிய தழும்பு. அதற்கு மேல் தோல் சாதாரணமாக இருந்தது.

சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். இப்போது சிவப்பு தழும்பைத் தாண்டி, முட்டியையும் தாண்டித் தொடையில் ஏறியிருந்தது. காயத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் நாவல்பழ நிறம். ஓரத்தில் கருநீலத் தண்ணீரோடு ஒரு கொப்புளம். அந்த இடத்தில் விரலால் அழுத்தினேன். காலையில் பஞ்சு பட்டதற்குக் கத்தியவர் இப்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தம்பி தங்கைகளே, வலி போகவில்லை. வலியைச் சொல்லும் நரம்பு செத்துப் போயிருந்தது. தோலுக்கு அடியில் கிருமி சதையைத் தின்றுகொண்டு ஓடியது. அந்த மரணத்துக்குத்தான் நான் கைராசி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

“செல்வராசு, இது யாரு தெரியுதா?” மனைவியைக் காட்டிக் கேட்டேன்.

“மெஷின நிறுத்தச் சொல்லுங்க சார். கதிரு செதறுது” என்றார்.

கை ஜில்லென்று இருந்தது. நாடி நூற்று முப்பது. மூச்சு நிமிடத்துக்கு முப்பதை நெருங்கியது. சிஸ்டர் பிரஷர் பார்த்துவிட்டு எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் என் முகத்துக்கு நேரே காட்டினார். மேல் எண் எண்பது. சுகர் ரிசல்ட்டும் வந்தது, நானூறுக்கு மேல். ரத்தம் முழுக்கக் கிருமியின் விஷம் ஏறிவிட்டது. ஐந்து நாள் மாத்திரையோடு நான் பஸ் ஏற்றிவிட இருந்த ஆள் இவர். அந்த பஸ் அரும்பாவூர் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் பாடத்தில் படித்தவைதான். இரண்டு கையிலும் ஊசி, வேகமாக டிரிப், இருப்பதிலேயே பலமான ஆன்டிபயாடிக், ஆம்புலன்ஸ். சிஸ்டர் எல்லாவற்றையும் நான் சொல்வதற்கு ஒரு நிமிடம் முன்பே செய்துகொண்டிருந்தார். நான் சொன்னது மரியாதைக்கு. திருச்சியில் ஒரு சர்ஜனுக்குப் போன் போட்டேன். அவர் அதிகம் பேச மாட்டார்.

“அனுப்புங்க. கிளம்புறதுக்கு முன்னாடி சிவப்பு முடியிற இடத்துல கோடு போட்டு, டைம் எழுதிடுங்க. வர்ற வழியில எவ்வளவு ஓடுதுன்னு எனக்குத் தெரியணும்.”

பேனாவை எடுத்தேன். வியர்த்த காலில் பால்பாயிண்ட் எழுதவில்லை. தோலைத்தான் இழுத்தது. இன்னொரு பேனா, அதுவும் எழுதவில்லை. ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. அந்த இடத்தில் எழுதத் தெரிந்த ஆள் ஒருவர்தான், டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

“கோவிந்தன்…” என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். “கொஞ்சம் வரப்பு போட்டுக் குடுங்களேன்.”

அவர் பெருந்தன்மையான மனிதர், சிரிக்கவில்லை. சிஸ்டருக்கு அந்தப் பெருந்தன்மை எல்லாம் கிடையாது. கோவிந்தன் இறகை நனைத்து, தொடையைச் சுற்றி ஒரே இழுப்பில் கோடு போட்டு, “டைம் என்ன சார்?” என்று கேட்டு, பக்கத்தில் மணி 12.50 என்று அழகாக எழுதினார். காலையில் அறிவியலைப் பற்றி என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட வரிசை வேப்பமரம் வரை நின்று இதையும் பார்த்தது.

நாலு மணிக்கு மேல் சர்ஜனிடமிருந்து போன். “கோட்டுக்கு மேல நாலு விரக்கடை ஏறியிருந்துச்சு டாக்டர். அதைப் பார்த்ததும் வேற எதுக்கும் காத்திருக்காம தியேட்டருக்கு எடுத்துட்டோம். செத்த சதை எல்லாம் எடுத்தாச்சு. கால் தப்பிச்சிடும்னு நினைக்கிறேன். ஆளைப் பத்தி ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும்.” கொஞ்சம் நிறுத்தினார். “எல்லாம் சரி. அந்தச் சிங்கம் எதுக்கு?”

நான் ஆம்புலன்ஸ் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கோவிந்தன் போட்டிருக்கிறார்.

மறுநாள் கோவிந்தன் ரீசார்ஜ் கடை ஸ்டேட்டஸில் படம் வந்தது. கீழே ‘டாக்டரே கூப்பிட்டு எழுதச் சொன்ன கால்’. மறுக்க வழி இல்லை, உண்மை. நான் போய் அவரிடம் ஒரு ஒப்பந்தம் பேசினேன். வரப்பைத் தாண்டினாலோ, தொட்டால் அலறினாலோ, காய்ச்சலோ பிதற்றலோ இருந்தாலோ, மூன்று நாள் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே அனுப்ப வேண்டும். கோவிந்தன் ஒத்துக்கொண்டார்.

“ஒரே ஒரு கண்டிஷன் சார். அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்க.”

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பயந்துவிட்டேன், அது வேறு. கொசு கடித்துத் தடித்த கைக்கெல்லாம் கோடு போட்டேன். ஒரு நாள் தா.பழூரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் இரண்டு தொடையும் செக்கச்செவேல் என்று வந்து நின்றார். கண்ணாடியைப் போட்டு, கோடு போட்டு, டைம் எழுதி, திருச்சிக்குப் பேசப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். சிஸ்டர் பேசாமல் ஈரப் பஞ்சால் ஒரு துடைப்பு துடைத்தார். சிவப்பு பஞ்சில் வந்துவிட்டது. பெரியவர் அன்றைக்குத்தான் புதுச் சிவப்பு லுங்கி கட்டியிருந்தார். அழிக்கக் கூடாத காலை அழித்தேன், அழிக்க வேண்டிய காலுக்குக் கோடு போட்டேன். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோதான் வைத்தியம் இருக்கிறது. நீங்கள் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். என் காலம் முடிந்துவிட்டது.

செல்வராசு பிழைத்தார். இரண்டு மாதத்துக்கு மேல் திருச்சியில் கிடந்தார். மூன்று முறை அறுத்தார்கள், வலது தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அடுத்த சோள விதைப்பு நேரத்தில் தடி ஊன்றி என் அறைக்கு வந்தார். கூடவே மலர்க்கொடி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“உங்க கைராசிதான் சார் காலக் காப்பாத்துச்சு” என்றார் செல்வராசு. பாவம், அன்று மத்தியானத்துக்கு மேல் அவருக்கு எதுவும் நினைவில்லை. நான் மேஜை மேல் இருந்த சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். மலர்க்கொடி பழத்தைச் சீட்டுகளின் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது.

“என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?”

“அன்னைக்கு நான் சொல்ல வந்தேன் சார். நீங்க விடல.”

அறைக்கு வெளியே வரிசை நின்றது. நான் பேனாவை மூடி வைத்தேன்.

“இப்ப சொல்லுங்க. குறுக்க பேச மாட்டேன்.”

அவர் முந்தானையைச் சரி செய்துகொண்டு, ஆறு மாதமாகத் தொண்டையில் நின்றதை முதலிலிருந்து சொன்னார். “சார், அந்த அக்கி எழுதுறவருதான் நேத்து சாயங்காலம், இது அக்கி இல்ல, ஒரே நாள்ல வரப்பத் தாண்டி ஒரு சாண் ஓடியிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லி அனுப்பிச்சாரு. இவரு ராத்திரி பூரா காலத் தொட விடாம கத்துனாரு. காச்ச மாத்தர ரெண்டு போட்டுத்தான் கூட்டியாந்தேன். விடியக்காலைல இருந்து மூச்சு வாங்குது, ஒண்ணுக்கும் போகல, என்னைய அக்கான்னு கூப்புடுறாரு. எனக்குப் பயமா இருக்கு சார்.”

இந்த நோய்க்காக நீங்கள் வாங்கி வைத்திருக்கும் தடித்த புத்தகத்தில் இதைவிட ஒரு வரி அதிகம் இருக்காது.

எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அவர் ஆரம்பித்தபோது நான் அதைப் பார்த்திருந்தேன். முடித்தபோது மறுபடியும் பார்த்தேன். பெரிய முள் ஒரு கோடுகூட நகர்ந்திருக்கவில்லை.